நிக்குதா?

1

ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். ஞானஜோதிக்கு ஹேமநாத் தரவேண்டிய கூலி. இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. தாம்பரத்தில் காலையில் நாங்கள் வேலைக்குக் காத்திருக்கும் இடத்தில், டீ ஆறுவதற்குள் ஜோதி சொன்னது. எழுதட்டுமா என்றேன். "எயுதிக்கோண்ணா, காசா பணமா?" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: சித்திரை வெயிலில், கடப்பேரியில் ஒரு மூன்றாம் மாடியில், ஒரு கம்ப்யூட்டர் கொதித்துக்கொண்டிருந்த

(விட்டுவிட்டேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் அவளைச் சொல்ல வேண்டும்.)

2

அந்த மாடி அறை கட்டும்போது மணலும் செங்கல்லும் தலையில் சுமந்து ஏற்றியவள் ஞானஜோதி. அறை முடிந்து, ஹேமநாத் அங்கே கல்யாண வீடியோ எடிட் செய்யும் தொழிலையும் தொடங்கிவிட்டான். கூலிதான் வரவில்லை. மகள் ஷர்மிளாவின் நர்சிங் பரீட்சைக்குப் பணம் கட்ட அன்று கடைசி நாள். போய் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு மணிக்குப் பார்ட்டி வந்து படத்தை வாங்கிட்டுக் காசு தருவாங்கக்கா. அப்படியே உங்க கையில வெச்சிடறேன்."

"எத்தினி நாலு மணி பாத்துட்டேன் தம்பி. இன்னிக்கு நவுர மாட்டேன்."

பழைய கம்ப்யூட்டர். அதன் போக்கில் விட்டால் படம் முடிய ராத்திரி ஆகிவிடும். அதனால் ஹேமநாத் அதன் மூளையான பிராசசரை, கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் முடுக்கியிருந்தான். வேகம் கூடினால் அது தடுமாறும். தடுமாறாமலிருக்க வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். வோல்டேஜ் ஏறினால் சூடு ஏறும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேன் வைத்திருந்தான்.

"இன்னா தம்பி, மனுசாளுக்கு ஃபேன் இல்ல, அதுக்குத் தனியா ஃபேனா?"

"அது மயங்கி விழுந்தா நம்ம ரெண்டு பேருக்கும் சோறு இல்லக்கா."

(இந்த இடத்தில் சூட்டில் உழைக்கும் பெட்டியையும் அவளையும் ஒப்பிட்டு அரைப் பக்கம் எழுதினேன். வாசித்துக் காட்டியதும் "நான் இன்னா பொட்டியா?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

3

பென்டிரைவ் வாங்க ஹேமநாத் கீழே போனான். திரையில் சூடு தொண்ணூறு டிகிரியைத் தொட்டு நின்று விளையாடியது. கடையிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, நிக்குதா?"*

ஃபேன் ஓடுகிறது. படம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு நகர்கிறது. அவள் தெம்பாகச் சொன்னாள்.

"நிக்கலப்பா, நிக்கவே இல்ல..."

"ஐயோ, எரிஞ்சிடப் போகுது! ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்கக்கா! சீக்கிரம்!"

'ஓடிக்கினு கீது' என்ற மிச்சம் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. அணைத்தாள்.

* அவன் தொழிலில், முடுக்கிய வேகத்தை மிஷின் தடுமாறாமல் தாங்கினால் 'நிக்குது' என்பார்கள். தாங்காவிட்டால் 'நிக்கல'. எங்களுக்கு நின்றது என்றால் ஓட்டம் ஓய்ந்தது. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

முக்கால்வாசி முடிந்திருந்த படம் போனது. நாலு மணிக்கு வந்த பார்ட்டி கத்திவிட்டு, காசு தராமல் படியிறங்கினார்கள்.

"நீங்கதானே நிக்கலன்னு சொன்னீங்க?" என்றான் ஹேமநாத்.

"ஆமா, நிக்கலன்னுதானே சொன்னேன்!" என்றாள் ஜோதி.

ஷர்மிளா அந்தப் பரீட்சையை எழுதவில்லை.

4

ஒரு முடிவு: ஜோதி அந்தப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கீழே இறங்குகிறாள். (அவளுக்கு அது ஒரு கனமே இல்லை. ஆனாலும் அவள் தூக்கவில்லை.)

இன்னொன்று: ஒரு வாரம் கழித்து ஹேமநாத் அவளைத் தேடி வந்து முழுப் பணத்தையும் கொடுக்கிறான். எனக்குப் பிடித்தது இதுதான். ஹேமநாத்தின் கண்ணைக்கூடக் கலங்க வைத்திருந்தேன். ஜோதிக்கு வாசித்துக் காட்டினேன்.



"அத்த அடிச்சுடுண்ணா."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"எத்தினியோ வாட்டி ஏறிட்டேன் அந்த மாடிக்கு. முட்டி தாங்கல. போவட்டும்னு வுட்டுட்டேன். நான் வுட்டதா எயுது. அவன் குடுத்தா மாதிரி எயுதாத."

அடித்துவிட்டேன். வேறு முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால், முதலில் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.