ஆறாவது இடம்

எங்கள் டென்னிஸ் கிளப் உணவகத்தின் சுவரில் ஹெட்விகாவின் ஆளுயரப் படம் இருக்கிறது. உலகத் தரவரிசையில் அவள் இருபத்து மூன்றாவது இடத்தைப் பிடித்த ஆண்டு ஒட்டியது. அந்த ஆண்டு ஊரில் பிறந்த பாதிப் பெண் குழந்தைகளுக்கு அவள் பெயர்தான். பிறகு தோளில் அறுவைசிகிச்சை. பதினான்கு மாதம் ஆடவில்லை. படத்தின் நெற்றியில் யாரோ கோட்டு மாட்ட ஆணி அடித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை லீக் ஆட்டம். ஆறு பேர் ஆடும் அணியில் கடைசியான ஆறாவது இடம் ஒன்பது வருடமாக என்னுடையது. மற்ற நாட்களில் நான் மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவள். இப்போது ஊர் திரும்பிய ஹெட்விகா அந்த இடத்தைக் கேட்டாள்.

"வியாழக்கிழமை நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க. ஜெயிக்கிறவ சனிக்கிழமை இறங்கட்டும்" என்றார் கேப்டன்.

உடை மாற்றும் அறையில் ஹெட்விகா சொன்னாள், "சொந்த ஊர் டீம்லயே இடமில்லைன்னா இதோட நிறுத்திக்கிறேன், இவெட்டா."

"அதுக்காக விட்டுக்குடுக்க மாட்டேன்."

"குடுத்தா உன்கூடப் பேசவே மாட்டேன்டி."

வியாழக்கிழமை வேலியோரம் பியர் கோப்பைகளோடு பத்துப் பேர் நின்றார்கள்.

"சுவத்துல இருந்தவ இறங்கி வந்துட்டா! இனி கோட்டை எங்கய்யா மாட்டறது?" என்று கத்தினார், களத்தைப் பராமரிக்கும் போஹுமிர்.

முதல் செட் அவளுக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் அவள் ஆறு, நான் ஐந்து. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவளுக்கு. அதுவரை தோளுக்குப் பயந்து மெதுவாகவே சர்வ் போட்டவள், இந்த முறை முழுக் கையையும் வீசினாள். பந்து என்னைத் தாண்டிப் போனது.

"வெளியே!" என்றேன்.



பந்து விழுந்த தடத்தைப் பார்க்கப் போனேன். செம்மண் பொடியில் முட்டை வடிவத்தில் ஒரு பள்ளம். அதன் விளிம்பு வெள்ளைக் கோட்டை மயிரிழை அளவு தொட்டிருந்தது. வந்து பார்க்க அவளுக்கும் உரிமை உண்டு. வரவில்லை.

"என்ன இவெட்டா?" என்றாள் அங்கிருந்தே.

ஒன்பது வருடம். இன்னொரு முறை குனிந்து பார்த்தேன். தொட்டுத்தான் இருந்தது.

காலணியால் தடத்தைத் தேய்த்து அழித்தேன். அழித்தால் பந்து உள்ளே என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டியதில்லை.

வலையருகே கை குலுக்கினோம்.

"தோள்?"

"வலிக்கல" என்றாள். பிறகு தனக்கே மறுபடி, "வலிக்கவே இல்ல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

"ஏம்மா ஹெட்விகா! இது என்ன மெல்போர்ன் மைதானமா? மண்ணை யார் சமமாக்குவா, நானா?" போஹுமிரின் குரல்.

அவள் முகம் சிவந்தது. ஓடி வந்து, களத்தைச் சமப்படுத்தும் இழுவை வலையை எடுத்து ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி இழுத்தாள். நான் துடைப்பத்தால் கோடுகளைப் பெருக்கினேன்.

"சனிக்கிழமை நீ என்ன பண்ணுவ?"

"சாசேஜ் தின்னுக்கிட்டே உன் ஆட்டத்தைக் குறை சொல்லுவேன். ஒன்பது வருஷத்து ஆசை."

உணவகத்துக்குள் போனபோது போஹுமிர் நாற்காலிமேல் ஏறிக் குறடால் அந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் கோட்டு தரையில் கிடந்தது.