லிங்க் வராத பதில்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘சந்தேகம்’. செய்தித்தாளின் சரிபார்ப்பு மேசை அவளுடையது. வாசகர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிவியல் செய்திகளை எடுத்து, எழுதியது யார், ஆய்வு எந்த இதழில் வந்தது, மருந்து கொடுத்தது மனிதனுக்கா எலிக்கா என்று துருவித் துருவிப் பார்ப்பாள். பாதிக்கு மேல் எலிதான். எலிக்கு நல்லது நடந்தால் மனிதனுக்கே நடந்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் போட ஆளுக்கா பஞ்சம்?

அவளை அதிகம் வேலை வாங்கியது சொந்த அக்காதான். கண்ணில் பட்ட குப்பையையெல்லாம் தங்கைக்குத் தள்ளிவிட்டு, “நிஜமாடி?” என்று கேட்பாள். பொய் என்றால் கையோடு ‘பொய்’ என்று ஒரே சொல்லில் பதில் போகும். உண்மை என்றால் மூல ஆய்வின் லிங்க்கும் சேர்ந்து போகும். “லிங்க் இல்லாம உன் வாயிலேர்ந்து உண்மையே வராதுடி” என்று அக்கா கேலி செய்வாள்.

புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் அக்கா இதை விடவில்லை. ஒரு மதியம் இப்படி ஒன்று வந்தது: ‘காளான் பொடி போதும், கட்டி கரையும், பேராசிரியர் கண்டுபிடிப்பு.’ அப்படி ஒரு பேராசிரியர் உலகத்திலேயே இல்லை. படத்தில் இருந்தவர் யாரோ ஒரு பல் டாக்டர். ஒரு டீ ஆறுவதற்குள் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அக்கா கீழே, “நிஜமா இருந்தா நல்லா இருக்கும்ல?” என்று எழுதியிருந்தாள். முந்தின நாள்தான் டாக்டர் கையை விரித்திருந்தார்.

‘பொய்’ என்று தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள், மறுபடி அழித்தாள். கடைசியில் ‘உண்மைதான்க்கா’ என்று அனுப்பிவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த வாரம் அதே செய்தி அவள் மேசைக்கே வந்து நின்றது. யாரோ ஒருவர், “என் மனைவிக்கு வந்துச்சு. நம்பலாமா?” என்று கேட்டிருந்தார். செய்தியின் தலையில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது: ‘பேப்பர்ல செக் பண்ற என் தங்கச்சியே உண்மைன்னு சொல்லிட்டா.’

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “இந்த மாதிரி தங்கச்சிங்க இருக்குற வரைக்கும் நமக்கு வேலை போகாது, சந்தேகம்!”

அவளும் சிரித்து வைத்தாள். பிறகு பேராசிரியரையும் பல் டாக்டரையும் வரிக்கு வரி கிழித்து, பெரிதாகப் ‘பொய்’ என்று தலைப்புப் போட்டு அச்சுக்கு அனுப்பினாள். கேட்டவருக்கும் அதையே பதிலாகப் போட்டாள். விடிந்ததும் அக்கா பேப்பரைப் பிரிப்பாள் என்று தெரியும். என்ன செய்வது, வேலை அப்படி.

மறுநாள் அவள் வார்டுக்குப் போனாள். அக்காவின் மடியில் பேப்பர் கிடந்தது.

“மன்னிச்சிடுக்கா. அன்னைக்கு உங்கிட்ட...”

“எனக்கு அன்னைக்கே தெரியும்டி. லிங்க் வரலையே.”

தங்கை கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். “தெரிஞ்சுமா ஊருக்கெல்லாம் அனுப்புன?”

“ஊருக்கெல்லாம் இல்ல. ஒருத்திக்குத்தான்.” அக்கா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அதில் விரிப்பு கூட இல்லை. “சின்னப் பொண்ணு. ஓயாம அழுதுட்டே இருந்தா. நீ எனக்குச் சொன்ன மாதிரியே நானும் அவளுக்குச் சொன்னேன், கொஞ்சம் தூங்கட்டுமேன்னு. ஊசி வேணாம், பொடியே போதும்னு கையெழுத்துப் போட்டுட்டு நேத்து வீட்டுக்குப் போயிட்டாடி. ஊசி போட்டிருந்தா அவளுக்குக் குணமாகிடுமாம். இப்பதான் நர்ஸ் சொன்னாங்க.” அக்கா அழ ஆரம்பித்தாள். “போன் பண்ணுடி. எப்படியாவது கூப்பிட்டுச் சொல்லு.”

‘என் மனைவிக்கு வந்துச்சு’ என்று கேட்டிருந்தவர் அந்தப் பெண்ணின் கணவர்தான்; அவர் எண் அவளிடம் இருந்தது. அழைத்தாள். அவர் எடுத்தார்.

“சார், பேப்பர்லேர்ந்து பேசுறேன். முதல்ல உண்மைன்னு சொன்ன தங்கச்சியும் நான்தான். அது பொய் சார். தயவுசெஞ்சு அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க.”



“நானும் அவகிட்ட பேப்பரைக் காட்டிப் பாத்துட்டேன்மா. பேப்பர்ல ஆயிரம் போடுவாங்க, கூடப் பொறந்தவகிட்ட யாராவது பொய் சொல்வாங்களாங்கறா. நான் என்னம்மா பதில் சொல்றது?”

இணைப்பு அறுந்தது.

“என்னடி சொன்னாரு? வர்றாளாமா?” என்று அக்கா கேட்டாள்.

நாக்கு நுனி வரை வந்த ‘வர்றாளாம்க்கா’வை விழுங்கிவிட்டு, அவள் மறுபடி அந்த எண்ணை அழைத்தாள்.