வால்நட் தெருவின் அகலம்

கட்டர் பிளாட் உயர்நிலைப்பள்ளி மாவட்டக் கல்வித்துறையிலிருந்து பிரிந்து, தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் சார்ட்டர் பள்ளியான மறுநாள் காலையில், அதன் வாசலில் ஓடும் வால்நட் தெரு அவிலா தம்பதிக்கு மட்டும் அகலமாகத் தொடங்கியது. நகராட்சி ஆட்கள் வந்து டேப் பிடித்தார்கள். பழைய அளவேதான். ஆனால் பள்ளிக்கு நேர் எதிர்வீட்டிலிருந்து கிளம்பிய கணித ஆசிரியர் கில்பெர்ட் அவிலா, அந்தத் தெருவைக் கடப்பதற்குள் கையிலிருந்த காபியைக் குடித்து முடித்துவிட்டார். காரில் பின்வாசல் வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தார். அந்த வழியும் அதே அளவு நீண்டது.

அவர் மனைவி டீலியா மாவட்டத்தின் மஞ்சள் பேருந்தை ஓட்டுபவள். பதினாறு வருஷமாக அவளுடைய கடைசி நிறுத்தம் அந்தப் பள்ளி முற்றம்தான். பிள்ளைகள் இறங்கியதும் கில்பெர்ட் வந்து பேருந்துப் படியில் உட்காருவார். லிங்குவிசா என்ற போர்த்துகீசிய சாசேஜும் முட்டையும் வைத்த ரொட்டியை இருவரும் பாதி பாதி தின்பார்கள். பிரிந்த பள்ளி வேறு பேருந்துகளை அமர்த்திக்கொண்டது. மாவட்டத்து வண்டி முற்றத்துக்குள் வரக்கூடாது என்றார்கள். இவ்வளவும், பிரிவதா வேண்டாமா என்று ஆசிரியர்களிடம் நடந்த வாக்கெடுப்பில் ஒரே ஒரு கை அதிகமாகத் தூக்கப்பட்டதால் நடந்தது. அந்தக் கை கில்பெர்ட்டுடையது என்பதை, டீசல் போட நின்ற இடத்தில் மெக்கானிக் சொல்லித்தான் அவள் அறிந்தாள்.

"எதுக்குக் கை தூக்கின?"

"பிரின்சிபல் 'யாரெல்லாம்?'னு கேட்டாங்க. நான் பேப்பர் திருத்திட்டிருந்தேன். வழக்கம்போல தூக்கிட்டேன்."

அது உண்மை. ஃபுட்பால் ஆட்டத்தன்று கார்களை வரிசைப்படுத்த யார், சாசேஜ் சுட யார் என்று ஜிம்மில் எப்போது கேட்டாலும் முதலில் எழுவது அவர் கைதான்.

"வீட்ல குப்பையை யார் கொண்டுபோறதுன்னு கேட்டா மட்டும் உனக்குக் கை இருக்கிறதே மறந்துடும்" என்றாள் டீலியா. இருவரும் சிரித்தார்கள். அப்போது தெரு சிரிக்கக்கூடிய அகலத்தில்தான் இருந்தது.

இரண்டாம் ஆண்டில் அவர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதை விட்டார். மூன்றாம் ஆண்டில், தெருவின் அந்தப் பக்கம் மழை பெய்யும்போது இந்தப் பக்கம் அவளுடைய துணிகள் கொடியில் காய்ந்தன. நான்காம் ஆண்டில் அவர் திங்களன்று போனால் வெள்ளியன்று திரும்பினார். இடையில் வகுப்பறையிலேயே மடக்குக்கட்டில் போட்டுப் படுத்தார். டீலியா ஒற்றை ஆளுக்குச் சமைக்கப் பழகவில்லை. மீந்ததைப் பக்கத்து வீட்டு நாய் தின்று கொழுத்தது. மாலையில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றால், வெகுதூரத்தில் வகுப்பறை விளக்கு கடுகளவுக்குத் தெரியும். அவள் கையசைப்பாள். அவர் பதிலுக்கு அசைக்கிறாரா என்பது அந்தத் தொலைவில் தெரியாது.

ஒரு சனிக்கிழமை அவள் கேட்டேவிட்டாள்: "மாவட்டத்துக்கே திரும்பி வந்துடேன், கில். பக்கத்து ஊர்ப் பள்ளியில இடம் இருக்காம்."

அவர் ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டார். "பசங்க நல்லா படிக்கிறாங்க, டீலி. இத்தனை வருஷத்துல இப்பத்தான். எப்படி விட்டுட்டு வர?"

நல்லதாகவே ஆகிவிட்ட ஒன்றின் மேல் கோபப்பட அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் ஓராண்டு போனால் வெள்ளிக்கிழமைகளும் போய்விடும் என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் மாவட்டம் பழைய பேருந்துகளைக் கழித்தது. டீலியா தன் வண்டியைத் தானே ஏலத்தில் எடுத்தாள். ஒரு திங்களன்று இருட்டும் நேரத்தில் அதை வால்நட் தெருவில் இறக்கி, பள்ளியைப் பார்த்து ஓட்டினாள். முன்கண்ணாடியில் வகுப்பறை விளக்கும் பின்பார்க்கும் கண்ணாடியில் தன் வாசல் விளக்கும் ஒரே அளவாகத் தெரிந்த இடத்தில் பிரேக் போட்டாள். சிவப்பு விளக்குகளைச் சிமிட்டவிட்டு, வண்டியின் பக்கத்திலிருக்கும் 'நில்' பலகைக் கையை நீட்டினாள். பள்ளிப் பேருந்து கையை நீட்டினால் அந்த ஊரில் பால் லாரியும் நிற்கும், ஷெரிஃபும் நிற்பார். தெருவும் நின்றது. சுருங்கவில்லை, அதற்குமேல் ஒரு விரற்கடைகூட வளரவுமில்லை. அன்று இரவு கில்பெர்ட் பாதி தூரம் நடந்து வந்து படியில் உட்கார்ந்தார். ரொட்டியைப் பாதி பாதி தின்றார்கள்.

ஓடாத பள்ளிப் பேருந்து கை நீட்டக்கூடாது என்று சொல்ல, சிறுவயதில் அதே வண்டியில் வாந்தியெடுத்த துணை ஷெரிஃப் டிராவிஸ் வந்தான்.

"மிஸஸ் அவிலா, கையை உள்ள இழுங்க."

"இழுத்தா என் புருஷன் சாப்பாட்டுக்கு வரமாட்டான், டிராவிஸ்."

அவன் தெருவின் இரு கோடிகளையும் பார்த்தான். அவனுக்கு அது சாதாரணத் தெருவாகத்தான் தெரிந்தது. ஆனாலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

கணவனும் மனைவியும் வண்டியின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டார்கள். வீட்டுக் கதவிலிருந்த எண்ணைத் தபால்காரர் தானாகவே பேருந்துக்கு மாற்றிக்கொண்டார். காலையில் கில்பெர்ட் பள்ளிப் பக்கமும் டீலியா தன் வேலைக்கு எதிர்ப்பக்கமும் நடக்கிறார்கள். நெடுந்தூரம் போனபின் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். வால்நட் தெருவில் வரும் கார்கள் மஞ்சள் வண்டியருகே முறைப்படி நின்று, ஒரு மூச்சுவிடும் நேரம் காத்திருந்து, பிறகு சுற்றிக்கொண்டு போகின்றன.