ராஜையன் கோப்பில் கிடந்த நேசபாய்

1

இந்தக் கதை கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு டிடிபி கடையில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒட்டுக்கேட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மரணம் என்பது ஒரு நீண்ட...' (வேண்டாம். பாதிப் பேர் டீ குடிக்க எழுந்துவிடுவீர்கள்.)

2

கடைக்காரன் ஸ்டெனி. சபையில் யார் இறந்தாலும், அடக்க ஆராதனையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பை அவன்தான் அடித்துக் கொடுப்பான். புதுக் கோப்பு திறக்கச் சோம்பல். எல்லோரையும் ஒரே கோப்பில், ஒருவர் காலடியில் ஒருவராகக் கிடத்தி வைத்திருந்தான்.

இப்போது சபை நினைவு மலர் போடுகிறது. ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு கோப்பு. எல்லாக் குறிப்புகளும் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த' என்றுதான் தொடங்கும். அந்தச் சொற்கள் வருமிடமெல்லாம் வெட்டு, அடுத்து வரும் பெயரைக் கோப்புக்கு வை என்று கணினிக்குக் கட்டளையிட்டான். வெட்டியது. பெரிய கோப்பை நிம்மதியாக அழித்தான்.

3

அம்மாவின் பக்கத்தைச் சரிபார்க்க பிளஸ்ஸி வந்தாள். நேசபாயின் வாழ்க்கை 'இவருடைய கணவர்' என்பதோடு அறுந்து நின்றது.

"ஏலே ஸ்டெனி, எனக்க அம்மைக்க மிச்சம் எங்கலே?"

கணவரும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்தானே. அங்கேயும் வெட்டு விழுந்து, அடுத்து வந்த ராஜையன் என்ற பெயரில் மிச்சம் போயிருந்தது.

"அக்கா, அப்பாக்க ஃபைலுல கெடக்கு."

அவள் வாசித்தாள். ராஜையன் மூன்று பெண்களையும் தனியாக வளர்த்தார். பேச்சிப்பாறையில் ரப்பர் பால் வெட்டினார். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் வேலைக்குப் போனார்.

"உயிரோட இருந்தப்போ ஒரு நாளு வேலைக்குப் போகாத மனுசன். செத்த பெறவு என்ன சுறுசுறுப்பு, பாத்தியா!"

(மகள் இப்படிச் சிரிப்பாளா? அழவைத்தும் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். 'கண்ணீரைத் துடைத்தபடி பிளஸ்ஸி...' அவள் ஒத்துழைக்கவில்லை.)

4

அம்மாவை ஒட்டியாகிவிட்டது. ஆனால் அதே பெயரில் முன்பே இருந்த அப்பாவின் சொந்தக் குறிப்பின் மேல்தான் அம்மா போய் விழுந்திருந்தாள். அது அழிந்துவிட்டது. 'ஜெபவீரர், மதுவைத் தொடாதவர்' என்று அவருடைய தம்பிமார் எழுதிக் கொடுத்தது.

"வீட்டுல பேப்பரு இல்லியா அக்கா?"

"அம்மை அத அன்னைக்கே அடுப்புல வச்சாச்சு."

"பக்கத்த வெறுமையா விடப்பிடாதுண்ணு சபையில சொல்லியாச்சு. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முடிவு அ: அதே பொய்யைத் திரும்பச் சொல்கிறாள். (அம்மா எரித்தது வீண்.)

முடிவு ஆ: உள்ளதைச் சொல்கிறாள். சித்தப்பாமார் வீடேறி வந்து...

5

"அடிச்சுக்கோ மக்கா," என்றாள். "எனக்க அப்பா..."

ஸ்டெனியின் விரல்கள் காத்திருக்கின்றன. மலர் வெளியீட்டில் முன்வரிசையில் சித்தப்பாமார் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், எல்லாம் தெரிந்த அவளுடைய இரண்டு தங்கைமார். யார் முகத்தை நினைத்து அந்த வாக்கியத்தை முடிப்பது?

நான் எழுந்துவிட்டேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், மெதுவாகத்தான் பேசுவாள்.