பெரட்டில் படித்த இங்கிலீஷ்

கொஸ்லந்த சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினால் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடம் வரும். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்த புதிதில் நளீரா டீச்சர் அங்கே வந்து சேர்ந்தார். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். அவருக்கு அதுதான் முதல் நியமனம். பள்ளிக்கூடம் என்பது தகரக்கூரை போட்ட ஒரே நீளமான மண்டபம். ஒரு கோடியில் தலைமை ஆசிரியர் இராசையா மாஸ்டர் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுப்பார். மறு கோடியில் நளீரா டீச்சரின் இங்கிலீஷ். நடுவில் ஒரு தட்டிகூடக் கிடையாது.

வந்த முதல் வாரத்திலேயே மாஸ்டர் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் ஒவ்வொரு இங்கிலீஷ் டீச்சரைக் கல்விக் கந்தோர் அனுப்பியிருக்கிறது. அடுத்த வருஷத்துக்கு இரண்டில் ஒரு இடம்தான் மிஞ்சும். கல்வி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். எங்கே பிள்ளைகள் இங்கிலீஷில் வாய் திறக்கிறார்களோ அங்கே டீச்சர் இருப்பார். மற்றவர் மொனராகலைப் பக்கம் போகவேண்டியதுதான்.

"ஒங்களுக்கு எங்க போனாலும் வேலை இருக்கு டீச்சர்," என்றார் மாஸ்டர். "இந்தப் புள்ளைங்களுக்குத்தான் வேற ஆள் வராது."

ஆசிரிய கலாசாலையில் நளீரா படித்ததெல்லாம் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் முறை. அதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். முதலில் படம் வரைந்த அட்டைகள். பிள்ளைகள் அட்டைகளை வாங்கி, படத்தைத் தடவிப் பார்த்து, கசங்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்தது கைதட்டிப் பாடும் பாட்டு. கை மட்டும் தட்டினார்கள். பிறகு பந்து. பந்தைப் பிடித்தவர் தன் பெயரை இங்கிலீஷில் சொல்லி இன்னொருவருக்கு எறிய வேண்டும். பிடித்த ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நடந்து வந்து, பந்தை இரண்டு கையிலும் ஏந்தி டீச்சரிடமே கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தது.

"நல்ல மரியாதையான புள்ளைங்க," என்றார் மாஸ்டர் மறு கோடியிலிருந்து.

"மரியாதையை வச்சி நான் என்ன செய்யிற மாஸ்டர்?" என்றார் நளீரா.

வழி கிடைத்தது வகுப்புக்கு வெளியேதான். ஒருநாள் இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தார். பிள்ளைகள் வரிசையாக நிற்க, ஐந்தாம் வகுப்பு இராக்கம்மா சாக்கை மடித்துத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு முன்னும் பின்னும் நடந்து கத்திக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் குச்சி கீழே விழுந்தது.

"இதென்ன விளையாட்டு?"

"பெரட்டு டீச்சர்," என்றாள் ரெங்கம்மா. மெலிந்த பிள்ளை, வகுப்பில் இருப்பதே தெரியாது. "இவதான் தொரை. நாங்க ஆளுங்க."

விடியற்காலையில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. தாய் தகப்பன் தினமும் போய் நிற்கிற இடம். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

"தொரை என்ன சொல்றாரு?"

"இங்கிலீஷ்ல ஏசுறாரு டீச்சர்."

"என்ன இங்கிலீஷ்?"

"எனக்கு என்னா தெரியும்?" என்றாள் இராக்கம்மா. "வாயில வந்ததப் போட்டு ஏசுனேன்." வரிசை முழுவதும் சிரித்தது.

நளீராவும் சிரித்துவிட்டார். பிறகு குச்சியை எடுத்து இராக்கம்மாவின் கையில் கொடுத்து, "நான் சொல்லித் தாற இங்கிலீஷ்ல ஏசு பாப்போம்," என்றார்.

அன்றிலிருந்து இங்கிலீஷ் பாடம் என்றாலே பெரட்டுத்தான். ஸ்டாண்ட் அப், கம் ஹியர், ஷோ மீ யுவர் ஹேண்ட்ஸ் என்று தொடங்கியது. ஒவ்வொரு நாளும் ஒருவர் துரை. துரையாக வரவேண்டும் என்றால் முதல்நாள் கொடுத்த வசனங்கள் பாடமாக இருக்கவேண்டும். அதற்காகவே தங்கள் லயத்து வீடுகளுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். இராக்கம்மா துரையானால் குரல் கீழ் லயம்வரை கேட்கும். ரெங்கம்மாவின் முறை வந்தபோது அந்த மெலிந்த பிள்ளை வரிசையில் கடைசியாக ஓடிவந்த இராக்கம்மாவை மேலும் கீழும் பார்த்து, "வை ஆர் யூ லேட்? நோ வேர்க் டுடே. கோ ஹோம்!" என்றது. அந்தக் கடைசி இரண்டும் டீச்சர் சொல்லிக்கொடுக்காதவை. தானாகச் சேர்த்துக் கட்டியவை.

"அடிப்பாவி, சம்பளத்துக்குப் பேரு போடாம வெரட்டிட்டாளே!" என்று இராக்கம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாஸ்டரின் கணக்கு வகுப்பும் நின்றுபோய் எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் பிள்ளைகள் விட்டுக்கொடுக்கவில்லை. துரை கேள்வி கேட்டால் வரிசையில் நிற்பவர் பதில் சொல்லவேண்டும் என்று நளீரா சொன்னார். சொல்ல மாட்டோம் என்றார்கள்.

"தொரைக்கு நாம பதில் சொல்லக் கூடாது டீச்சர்," என்று இராக்கம்மா விளக்கினாள். "எதுத்துப் பேசுன மாதிரி ஆயிடும். கங்காணிதான் சொல்லணும். நாம கங்காணியப் பாக்கணும், கங்காணி தொரைக்குச் சொல்லுவாரு."

சரி என்று ஒரு பிள்ளையை, வேலையாட்களுக்கு மேலாளான கங்காணியாக நிறுத்தினார். கங்காணி இங்கிலீஷில் பதில் சொன்னது. துரையும் மாறி, கங்காணியும் மாறி வந்ததால் எல்லாப் பிள்ளைகளும் கேட்கவும் பழகினார்கள், சொல்லவும் பழகினார்கள். இரண்டாம் தவணை முடிகிற நேரம் அந்த மண்டபத்தில் இங்கிலீஷ் பேசாத பிள்ளை இல்லை. அதிகாரி எப்போது வருவார் என்று நளீரா காத்திருக்கத் தொடங்கினார்.

அதிகாரி வருவதற்கு முதல்நாள் இராசையா மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்திப் பேசினார். அவரும் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து படித்து வந்தவர்தான். "நாளைக்கு வாறவரு பெரிய ஆளு. நம்ம தொரைக்கும் மேல. நளீரா டீச்சர் நம்மகிட்டயே இருக்கணும்னா எல்லாரும் ஒழுங்கா, அமைதியா, மரியாதையா இருக்கணும். வெளங்குச்சா?"

நன்றாகவே விளங்கிவிட்டது.

கல்வி அதிகாரி ஜுனைதீன் சேர் பண்டாரவளைக்காரர். வெள்ளைச் சட்டை, நீளக் காற்சட்டை, பளபளக்கும் சப்பாத்து, தலையில் தொப்பி. ஜீப்பைக் கீழே ரோட்டில் விட்டு ஏறி வந்தார். பாதையில் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் அவரைக் கண்டதும் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்று வழிவிட்டார்கள். மண்டபத்தில் ஏற்கெனவே வரிசை நின்றிருந்தது. யாரும் நிற்கச் சொல்லவில்லை.

"குட் மார்னிங் சில்ட்ரன்," என்றார்.

சத்தமில்லை. எல்லாத் தலையும் குனிந்திருந்தது.

"ஸிட் டவுன்."

ஒரே அசைவில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஸ்டாண்ட் அப் என்றார், எழுந்தார்கள். கையைக் காட்டச் சொன்னார், காட்டினார்கள். அதிகாரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உயரமான பிள்ளைகள் சுவர்ப்பக்கம் போகவேண்டும், சின்னப் பிள்ளைகள் முன்னால் வரவேண்டும், பிறகு எல்லாரும் கதவைப் பார்த்து நிற்கவேண்டும் என்று இங்கிலீஷில் நீட்டிச் சொன்னார். ஒரு பிள்ளைகூடப் பிசகவில்லை.

"மாஷா அல்லாஹ்!" என்றார். "டவுன் புள்ளைகளும் இப்பிடிச் செய்யாதுகள் டீச்சர்."

நளீராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதிகாரி முன்னால் நின்ற ரெங்கம்மாவிடம் குனிந்து, "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார்.

ரெங்கம்மா திரும்பி நளீராவைப் பார்த்தாள். அவள் மட்டுமல்ல, மண்டபமே திரும்பி நளீராவைப் பார்த்தது. அந்தப் பார்வையின் அர்த்தம் நளீராவுக்கு உடனே விளங்கியது. பெரட்டில் துரை கேட்டுவிட்டார். கங்காணி பதில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். கங்காணி அவர்தான்.

"டீச்சரப் பாக்காமச் சொல்லுங்க, மகள்," என்றார் அதிகாரி தமிழில். "வாட் இஸ் யுவர் நேம்?"

ரெங்கம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"ரெங்கம்மா, சொல்லு," என்றார் நளீரா. "நீதான் அண்டைக்கு அவ்வளவு பேசினியே, சொல்லு!"

தலை இன்னும் கீழே போனது. அதிகாரி அடுத்த பிள்ளையிடம் போனார். அதற்கடுத்த பிள்ளையிடம் போனார். ஒவ்வொருவரும் நளீராவைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

நளீரா விஷயத்தை அவருக்கு எடுத்துச் சொன்னார். பெரட்டு விளையாட்டு, துரை, கங்காணி எல்லாவற்றையும் முறையாகச் சொன்னார். மனிதர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப ஒரு புள்ளையத் தொரையா நிப்பாட்டுங்களேன். அது பேசட்டும், கேப்போம்."

சாக்குத் தொப்பியும் குச்சியும் வந்தன. இராக்கம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தொரை இருக்கையில எப்பிடி டீச்சர்?" என்றாள் காதுக்குள்.

"இவர் தொரை இல்ல, இராக்கம்மா."

"தொரைக்கும் மேலன்னு மாஸ்டரு சொன்னாங்களே."

நளீரா மாஸ்டரைப் பார்த்தார். அதிகாரி எதுவும் கேட்காததால் மாஸ்டரும் கைகட்டி, வாய்பொத்தித்தான் நின்றிருந்தார்.

நளீராவுக்குக் கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டார். "சேர், குறை நினைக்க வேணாம். நீங்களும் ஒருக்கா வரிசையில வந்து நிக்க ஏலுமா? ஆளுகளோட ஆளா."

"நானா? கொழுந்தெடுக்கவா?" என்று அதிகாரி சிரித்தார். நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

வரிசை சத்தமில்லாமல் திரும்பிக்கொண்டது. இப்போது கடைசியில் நின்றவர் முதலில் நின்றார்.

"அட," என்றபடி மறு முனைக்குப் போனார். வரிசை மறுபடியும் திரும்பியது. நடுவில் புகுந்து நின்றார். இரண்டு பக்கமும் பிள்ளைகள் விலகி அவருக்கு இடம்விட, வரிசை இரண்டாகப் பிளந்து, அவர் நடுவில் தனியாக நின்றார். அவர் எங்கே போய் நின்றாலும் அதுவே துரை நிற்கிற இடமாகிவிடுகிறது. சின்னப் பிள்ளை ஒன்று அழத் தொடங்கியது. பெரியவர் நம்மோடு நிற்கிறாரே, ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டோம் போலிருக்கிறது என்று அதற்குப் பயம்.

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நளீராவும் பின்னால் போனார்.

"நான் ஒங்களக் குறை சொல்லல்ல டீச்சர். ஒங்கட புள்ளைகளுக்கு வெளங்குது, அத என்ட கண்ணால கண்ட."

"பேசவும் தெரியும் சேர். நல்லாப் பேசுவாங்க."

"நீங்க பொய் சொல்லமாட்டீங்க. ஆனா நான் என்னத்த எழுதுற? பேசத் தெரியும், ஆனா பேசல்லண்டா? மத்தத் தோட்டத்தில நாலு புள்ளைகள் திக்கித் திக்கித் தங்கட பேரச் சொன்ன. அவ்வளவுதான் அதுகளுக்குத் தெரியும். ஆனா எனக்குக் கேட்டிச்சே."

"இன்னொரு நாளைக்கு வரமாட்டீங்களா சேர்? நீங்க வெளியில நிண்டு மறைஞ்சி கேளுங்க..."

சொல்லும்போதே அது நடக்காது என்று அவருக்குத் தெரிந்தது. அதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டார். "மொனராகலையில வெயில்தான் கொஞ்சம் கூட. மத்தபடி நல்ல ஊர்," என்று சொல்லிவிட்டு, வழுக்காமல் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

நளீரா உள்ளே வந்தார். பிள்ளைகள் இன்னும் வரிசையில்தான் நின்றார்கள். ஆனால் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டதும் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டீச்சர், ஒருத்தராச்சும் வாயத் தொறந்தமா? பாத்தீங்கதானே?" என்றாள் இராக்கம்மா. "அவரு என்னென்னவோ செஞ்சி பாத்தாரு. வரிசையிலகூட வந்து நின்னு பாத்தாரு. நாங்க ஏமாறல."

"ரெங்கம்மாவத்தான் ரெண்டு தரம் கேட்டாரு டீச்சர்," என்றது இன்னொரு குரல். "அப்பவும் அவ எதுத்துப் பேசல."

ரெங்கம்மா வெட்கப்பட்டாள். "எனக்கு பேரு வாய்வரைக்கும் வந்துருச்சி டீச்சர். மை நேம் இஸ்ஸுன்னு வந்துருச்சி. நாக்கக் கடிச்சிக்கிட்டேன்." நாக்கை நீட்டிக் காட்டினாள். நுனியில் சிவப்பாகப் பல் பட்ட தடம் இருந்தது.

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். டீச்சரின் இடம் போய்விட்டது என்று விளங்கிக்கொண்டது அவர் முகத்தில் தெரிந்தது. "நீங்க சொல்லிருங்க மாஸ்டர்," என்றார் நளீரா மெதுவாக.

"நான் எப்பிடி டீச்சர் சொல்றது? அமைதியா இருங்கன்னு நான்தானே சொன்னேன்."

"அப்ப டீச்சர் எங்ககிட்டயே இருப்பீங்கதானே?" இராக்கம்மா அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்து ஆட்டினாள். "சொல்லுங்க டீச்சர், இருப்பீங்கதானே?"

"இந்த வருஷம் முடியுமட்டும் இருப்பேன்," என்றார் நளீரா.

வருஷம் முடிய இன்னும் ஒரு தவணை கிடந்தது. அந்த வயதில் ஒரு தவணை என்பது முடியவே முடியாத காலம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.