துரை தொடாத சோறு

சல்லடை யாருக்கும் எதையும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. அதனால்தான் "நாயை நீயே கூட்டிட்டுப் போயேன்" என்று அவன் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்தது.

சல்லடை என்பது எங்கள் குடோன் வாட்ச்மேனுக்கு நாங்கள் வைத்த பெயர். சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வரும்போது, மூட்டை தூக்குகிற எங்கள் ஒவ்வொருவரையும் கேட்டில் நிறுத்திச் சலித்து எடுத்துவிடுவான். கையைத் தூக்கு, உள்ளங்கையைக் காட்டு, திரும்பு. தலைத்துண்டைக்கூட உதறிக் காட்ட வேண்டும். சர்க்கரை மூட்டை சுமந்தவன் துண்டில் சர்க்கரை ஒட்டாமல் வேறு என்ன ஒட்டும்? அதற்கும் ஒரு முறைப்பு முறைப்பான்.

நாய் அவன் அறைக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது. வேட்டை நாய் வகை. முதலாளி ஆசைப்பட்டு வாங்கினார். ஆசை விட்டதும் குடோனுக்கு அனுப்பிவிட்டார். நீளக் கால், ஒட்டிய வயிறு, கூர் மூஞ்சி. ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பை ஒரு முழச் சங்கிலியில் முடக்கி வைத்திருந்தார்கள். மத்தியானம் மிச்சச் சோற்றை அதன் முன்னால் கொட்டுவேன். நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போகும் வரை அது வாய் வைக்காது.

"எதுக்கு இப்ப திடீர்னு குடுக்கறே? கடிக்குமா?" என்று கேட்டேன்.

"கடிச்சா நானே வச்சுக்க மாட்டேனா? குரைக்கக்கூடத் தெரியலை. வாட்ச்மேனுக்குக் குரைக்காத நாய் எதுக்கு?"

"வேற ஏதாவது கோளாறு இருக்கா?"

"பொண்ணா பாக்க வந்திருக்கே? வேணும்னா கூட்டிட்டுப் போ. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், திருப்பிக் கொண்டு வராதே. வந்தா ஊசி போட்டு முடிச்சுடச் சொல்லிட்டார் முதலாளி."

ஒரு கயிற்றைக் கட்டி வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளியே வந்தது. தெருவில் பார்க்கிறவர்களுக்கு நான் யாருடைய நாயையோ திருடிக்கொண்டு போவது போல இருந்திருக்கும்.

எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையலறையும். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு அதுவே எங்களுக்குப் பெரிதாகிவிட்டது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வருகிற சட்டைகளுக்குப் பட்டன் தைப்பாள். நாயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கு உடம்பு எங்க இருக்கு? காலு மட்டும்தான் வந்திருக்கு."

கதவோரம் ஒரு தகரத் தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்தாள். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு தட்டையே பார்த்தது. வரவில்லை.

"துரைக்கு நம்ம வீட்டுச் சோறு இறங்காது போல" என்றாள். அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயரானது.

மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் துரை வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனது. வழக்கம்போல் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் துண்டையும் கொக்கியையும் மாட்டினேன். கொக்கி என்பது மூட்டையைக் குத்தி இழுக்கிற வளைந்த இரும்பு. மூட்டை தூக்குகிறவனுக்கு அது மூன்றாவது கை. குடோனில் விட்டுவிட்டு வந்தால் மறுநாள் வேறு ஒருவனுடைய மூன்றாவது கையாக இருக்கும். அதனால் யாரும் விட்டுவிட்டு வருவதில்லை.

"மத்தியானம் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டேன்.

"தட்டையே நக்கிடுச்சு. என் காலடியில வந்து படுத்துக்கிச்சு. நீங்க வர்ற செருப்புச் சத்தம் கேட்டதும்தான் ஓடிடுச்சு."

ராத்திரிச் சோறு அப்படியே கிடந்து காய்ந்தது. அடுத்த நாளும் அதே கதை. நான் வேலைக்குப் போனால் சாப்பிடுகிறது, நான் வீட்டில் இருந்தால் பட்டினி கிடக்கிறது. மனைவி பட்டனைத் தைத்தபடியே என்னைப் பார்க்கிற பார்வை மாறியது.

"நான் அந்தப் பக்கம் தண்ணி பிடிக்கப் போறப்ப அதை என்ன பண்றீங்க?"

"நான் என்ன பண்ணப் போறேன்? தொடக்கூட இல்லை."

"ஒண்ணும் பண்ணாமலா இப்படி நடுங்குது?"

எனக்கும் சந்தேகம் இருந்தது. இவளே பகலில் வயிறு முட்டப் போட்டுவிட்டு, ராத்திரி நாய் என்னை வெறுக்கிறது என்று கதை கட்டுகிறாளோ? இல்லை, இவள் தம்பி வேலையோ? மச்சினன் பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். தினமும் வந்து போவான். அவன் சட்டைப் பையில் பிஸ்கட் தூள் இருந்ததை நானே பார்த்தேன்.

"என்ன மச்சான், என் பையையே பாக்கறீங்க? சல்லடைகிட்ட வேலை கத்துக்கிட்டீங்களா?" என்றான். பிறகு நாயைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நாய் ஆளை மோப்பம் பிடிச்சுடும் மச்சான். நமக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்."

"உங்க அக்காவைக் கட்டி இத்தனை வருஷம் ஆச்சு. உனக்கு இன்னும் என்னடா தெரியணும்?"

"நான் எதுவும் சொல்லலையே. துரைதான் சொல்லுது."

விடுமுறை நாள் வந்தது. நாள் முழுக்க நான் வீட்டில். நாள் முழுக்கத் துரை கட்டிலுக்கு அடியில். தண்ணீரைக்கூடத் தொடவில்லை. மத்தியானம் மனைவி ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"என் வீட்டுல ஒரு உசுரு பட்டினி கிடந்து சாகறதை என்னால பாக்க முடியாதுங்க. நாளைக்குக் கொண்டு விட்டுடுங்க."

"விட்டா ஊசி போட்டுடுவாங்க."

"இங்க இருந்தா மட்டும்? அது மெதுவாச் சாகும், அவ்வளவுதான்."

முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். சலூனில் கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் வெளியே வந்துவிட்டேனே, இப்போது அங்கே என்ன நடக்கிறது என்ற நினைப்பு வந்ததும் உட்கார முடியவில்லை. திரும்பினேன். செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டு ஜன்னலில் திருடன் போல எட்டிப் பார்த்தேன்.

மனைவி நடு அறையில் நின்றிருந்தாள். கையில் என் கொக்கி. துரை மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் காலடியில் தரை நனைந்திருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "ஓஹோ. இதுதானா சங்கதி?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்ன சங்கதி? கட்டிலுக்கு அடியில இருக்கிற பழந்துணி மூட்டையை இழுக்க எடுத்தேன். கை எட்டலை. இன்னைக்கு ஒரு ராத்திரியாவது அது மெத்துன்னு படுக்கட்டுமேன்னு பாத்தேன்."

"அப்ப எதுக்கு இப்படி நடுங்குது?"

"அதைத்தான் நானும் பாத்துக்கிட்டு நிக்கறேன். உங்களைக் கண்டா நடுங்குமே, அதே நடுக்கம். இத்தனை நாளா என் மடியில தலை வச்சுப் படுத்த நாய்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "அதை இப்படிக் கொடு" என்று கை நீட்டினேன். அவள் கொடுத்தாள். துரையின் கண் அவள் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. இரும்போடு சேர்ந்து அவள் கையிலிருந்து என் கைக்கு வந்தது.

"ஏங்க" என்றாள் மெதுவாக.

"தெரியுது" என்றேன்.

கொக்கியை வெளியே கொண்டு போய் மீட்டர் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன். அவள் மூலையில் குந்தி, துரையின் கழுத்துப் பட்டையை மெல்ல நகர்த்தினாள். பட்டைக்குக் கீழே முடி முளைக்காமல் ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொன்று. பட்டைக்குள் கொக்கியைக் கொடுத்து, மூட்டையை இழுப்பது போல இழுத்திருக்கிறார்கள்.

நாங்கள் சோறு வைத்த தட்டு அந்த ஆணிக்கு நேர் கீழே. கொக்கி தலைக்கு மேல் தொங்கும்போது எந்த நாய் குனிந்து சாப்பிடும்? ஆணியையும் பிடுங்கினேன். அன்றும் துரை சாப்பிடவில்லை. ஆனால் தண்ணீர் குடித்தது. மனைவி "நாளைக்குக் கொண்டு விட வேணாம். நாளைக்கு ஒரு நாள் பாப்போம்" என்றாள்.

மறுநாள் குடோனில், நாயைக் கொக்கி போட்டு இழுத்தது யார் என்று சல்லடையிடம் கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்? என்கிட்ட டார்ச் லைட்டும் தடியும்தான் இருக்கு. கொக்கி வச்சிருக்கிறவங்க நீங்க" என்றான்.

அது உண்மைதான். அன்று முழுக்க, கூட வேலை செய்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் எனக்குப் பீடி கொடுத்தவர்கள், என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். இதில் யார்? இன்றுவரை தெரியாது. வேலை முடிந்ததும் என் கொக்கியை மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். காணாமல் போனால் போகட்டும். அதற்கு அடுத்த நாள் பார்த்தபோது காணாமல்தான் போயிருந்தது.

ஒளித்து வைத்த அன்று சாயங்காலமும் கேட்டில் சல்லடை வழக்கம்போல் சலித்தான். கையைத் தூக்கு, உள்ளங்கையைக் காட்டு, திரும்பு.

வீட்டு வாசலுக்கு வந்தால் கதவு திறந்திருந்தது. துரை கட்டிலுக்கு அடியில் பாதி, வெளியே பாதியாக நின்று என் கையைப் பார்த்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாசலிலேயே நின்று இரண்டு கையையும் தூக்கினேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். துண்டை உதறினேன். அது கொஞ்சம் கொஞ்சமாக வந்து விரல்களை மோந்தது, இடுப்பை மோந்தது, மறுபடியும் விரல்களுக்கே வந்தது. இரும்பு வாசனை இன்னும் இருந்திருக்கும். பின்வாங்கியது. பிறகு மறுபடியும் வந்தது.

"முதுகையும் காட்டிடுங்க" என்றாள் மனைவி, பட்டன் தைத்துக்கொண்டே. "அப்புறம் எனக்கும் ஒரு தடவை காட்டுங்க."

திரும்பி நின்றேன். எனக்குப் பின்னால் தகரத் தட்டு தரையில் நகர்கிற சத்தம் கேட்டது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கண் சோற்றில், ஒரு கண் என் கையில். அது சாப்பிட்டு முடிக்கும் வரை நான் கையை இறக்கவில்லை.