விருந்தாளியின் சட்டை

நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோனி ஃபோர்க் வேட்டைச் சங்கத்தின் கூடத்துக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். மற்றவர்கள் வெளியே கறிக்குழம்பு கொதிக்கும் கொப்பரையைச் சுற்றி நின்றிருந்தார்கள். தலைவர் ஆட்டிஸ் ரே, விறகடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலைச் சூட்டுக்குக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். வேட்டை நாய்களை வளர்க்கும் ராய்ஸ் பெட்டஸ் ஜன்னலோரம். வண்டிக் கூண்டில் கிடக்கும் நாய்கள் மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண் இருந்தாக வேண்டும். நீள மேசையின் கோடியில் செயலாளர் ஹாலிஸ் கிளாரி. அவருக்கு எதிரே அவர் மனைவி டார்லீன். கதவை ஒட்டிய நாற்காலியில் லைல் டாக்கெட்.

அது விருந்தாளிகள் உட்காரும் நாற்காலி. போன வருஷம் வரை லைலின் இடம் ஹாலிஸுக்குப் பக்கத்து பெஞ்சு. வசந்த காலத்தில் வீட்டை விற்றுவிட்டு, வர்ஜீனியாவே வேண்டாமென்று டென்னசிக்குக் குடிபோய்விட்டார். வேட்டையின் முதல் நாளுக்காக இன்று வந்தவர், யாரும் சொல்லாமலே போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டார்.

ஹாலிஸின் கோட்டுப் பையில் ஓர் உறை இருந்தது. லைல் இருக்கும் ஊருக்கு அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு வீடு; அதை அவர்களுக்கு விற்க வெஸ்டா ஹாட்ஜ் என்ற விதவை அனுப்பிய ஒப்பந்தம். டார்லீன் கையெழுத்துப் போட்டாயிற்று. ஹாலிஸ் இன்னும் போடவில்லை. இன்றைய தபாலில் பதில் கிளம்பாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அந்த அம்மாள் பணிவாகவும் தெளிவாகவும் எழுதியிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் மாநிலத் தலைநகர் ரிச்மண்ட். வடக்கே நகரங்களைச் சுற்றி வீடுகள் பெருகப் பெருக, ஓட்டும் அங்கேயே கூடிப்போனது. இந்தத் தேர்தலில் சட்டசபை கைமாறிவிட்டது. புது வருஷத்தில் ஒரு மசோதா வருமென்று பேச்சு. விசையை இழுக்க இழுக்கத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் சில வகைகளை இனி விற்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது, வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். ஹாலிஸிடம் அப்படி ஒன்று இருந்தது. ராணுவத்திலிருந்து திரும்பிய அண்ணன் டுவைட் ஆசைப்பட்டு வாங்கியது. கடைசி நோயில் படுத்தபோது, தம்பியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

"இத்தனை வருஷம் மின்கம்பம் ஏறியிருக்கேன். ஒரு போலீஸ்காரன் என்னை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல" என்றார் ஹாலிஸ். "ராத்திரி ஓட்டு எண்ணி முடிச்சாங்க, காலைல எந்திரிச்சா நான் குத்தவாளியா?"

"சட்டமே இன்னும் வரல. அதுக்குள்ள விலங்க நீயே எடுத்து மாட்டிக்கிறியே" என்றார் ராய்ஸ்.

"உனக்கென்னய்யா, உன் நாயை யாரும் பதியச் சொல்லல."

"சொல்லுவான், சொல்லுவான். புதுசா வீடு கட்டி வந்தவன், நாய் குரைக்குதுன்னு இப்பவே புகார் எழுதிட்டுத்தான் இருக்கான்." ராய்ஸ் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல, எங்கள மாதிரி கறுப்பன் கையில துப்பாக்கியைப் பாத்தாலே ஷெரீப்புக்குப் பொறுக்காது. அதுக்குன்னு எங்க தாத்தா ஊர விட்டா போனாரு? அவரு நாய் ஓடின தடத்துலதான் இன்னிக்கும் என் நாய் ஓடுது."

பேச்சு கொஞ்சம் கனத்துவிட்டது. ஆட்டிஸ் அதை லைல் பக்கம் தள்ளிவிட்டார். "நீ சொல்லுப்பா. டென்னசி எப்படி?"

"அருமையான ஊரு தலைவரே. எதையும் யாரும் கேக்க மாட்டாங்க."

"அதான் பூசினாப்ல ஆயிட்டே. சட்டை பொத்தான் அழுவுது பாரு" என்றாள் டார்லீன். லைல் சிரித்தார். பிறகு மெதுவாக எழுந்து நின்று, இடுப்பில் செருகியிருந்த சட்டையைப் பின்பக்கம் வெளியே இழுத்துவிட்டார்.

ஏனென்று எல்லாருக்கும் தெரியும். காலையில் ராய்ஸின் நாய்கள் துரத்திக்கொண்டு வந்த கொம்பு மான், காட்டில் லைல் வழக்கமாகக் காத்து நிற்கும் பழைய இடத்துக்கு நேர் எதிரே ஓடையைத் தாண்டியது. லைல் இரண்டு முறை சுட்டார், இரண்டும் தப்பிவிட்டன. குறி தப்பியவனின் சட்டைத் தொங்கலை மதியம் எல்லார் முன்னாலும் வெட்டி, பெயரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணியடிப்பது சங்கத்து வழக்கம். வடக்குச் சுவர் முழுக்கக் கட்டம் போட்ட துணி, காக்கித் துணி, சாயம் போன சிவப்புத் துணி. ஆட்டிஸின் துணி அங்கே உண்டு, டார்லீனுடையது உண்டு, டுவைட்டுடையது மூன்று உண்டு. கத்தரிக்கோல் செயலாளர் பொறுப்பு.

ஹாலிஸ் மேசை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தும்விட்டார்.

"எதுக்கு அது?" என்றார் ஆட்டிஸ்.

"லைலுக்கு..."

"லைல் விருந்தாளி." ஆட்டிஸின் குரலில் கடுமை இல்லை. சங்கடம்தான் இருந்தது. "விருந்தாளி சட்டையை நாம வெட்டுறதில்ல. பாதிரியார் தப்பவிட்டப்ப வெட்டலியே. வேட்டைக்குக் காடு குடுத்தவரு மருமகன் தப்பவிட்டப்பவும் வெட்டல. அந்த விதியை எழுதினதே நீதானே ஹாலிஸ்?"

ஹாலிஸ்தான் எழுதினார். வெளியாள் மனம் புண்படக் கூடாது என்று, நல்ல எண்ணத்தில் எழுதியது.

"பழைய சட்டையாப் பாத்துத்தான் போட்டுட்டு வந்தேன்" என்றார் லைல், யாரையும் பார்க்காமல். "அங்க தனியாத்தான் காட்டுக்குப் போறேன். குறி தப்பினாலும் பாக்குறதுக்கு ஆளில்ல."

ராய்ஸ் தொண்டையைச் செருமினார். "இவனுக்காக ஒரு தடவை..." என்று தொடங்கியவர் தலைவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஹாலிஸ் கையில் கத்தரிக்கோல் திறந்தபடியே இருந்தது.

"இல்ல, தலைவர் சொல்றது சரி. விதின்னா விதிதான்." லைல் சட்டையை மறுபடி உள்ளே செருகத் தொடங்கினார். பின்பக்கம் சரியாகப் போகவில்லை. கையை வளைத்து, விரலால் தடவித் தடவிச் செருகினார். ஐம்பத்தெட்டு வயது ஆள், பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்கும் பையன் மாதிரி. பெரியவர்கள் நான்கு பேர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டிஸ் எழுந்துபோய்க் கொப்பரையிலிருந்து முதல் கிண்ணத்தைத் தானே நிரப்பிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். முதல் கிண்ணம் விருந்தாளிக்கு. அதுவும் வழக்கம்தான்.

சாப்பிட்டு முடித்ததும் லைலின் வண்டி வரை ஹாலிஸ் கூடவே நடந்தார்.

"உண்மையைச் சொல்லுய்யா. போனது தப்புன்னு தோணுதா?"

லைல் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லையென்று பார்த்து, உறையில் வைத்தார். "தப்புன்னு எப்படிச் சொல்ல? என் துப்பாக்கியெல்லாம் பெட்டியில பத்திரமா இருக்கு. எவனும் தொட மாட்டான். நிம்மதியாத் தூங்குறேன், அது பொய்யில்ல." கதவைச் சாத்தினார். "எந்திரிச்சப்பறந்தான், என்ன பண்றதுன்னு தெரியல."

வீட்டுக்கு வந்ததும் ஹாலிஸ் கோட்டைக் கழற்றி, பையிலிருந்த உறையை எடுத்தார். சமையலறை மேசையில் ஒப்பந்தத்தை விரித்து வைத்தார். டார்லீனின் கையெழுத்து, அதன் கீழே வெறுங்கோடு. அதைத் தள்ளி வைத்துவிட்டு, கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து, வலது மூலையில் தேதியை எழுதினார்.

'மதிப்புக்குரிய திருமதி ஹாட்ஜ் அவர்களுக்கு. உங்கள் வீட்டில் எந்தக் குறையும் இல்லை. தண்ணீர், கூரை, நிலம் எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருந்தன. ஆனாலும் நாங்கள் வாங்குவதற்கில்லை. அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். இங்கிருந்து கிளம்ப நினைத்ததற்கு என்ன கவலை காரணமோ, அது தீர்ந்துவிடவில்லை. அதை வைத்துக்கொண்டே இங்கே இருப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். உங்களைக் காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கவும்.'

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த டார்லீன், "'முடிவு செய்திருக்கிறோம்'னு போட்டிருக்கே. என்னைக் கேட்டியா?" என்றாள்.

"கேக்கறேன். இருந்துருவோமா?"

"கையெழுத்துப் போட்டது நீ கேட்டதுக்காகத்தான். சந்தோஷமாப் போடல." அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "டுவைட் துப்பாக்கி?"

ஹாலிஸ் பேனாவின் மூடியைத் திருகினார். "சட்டம் வர்றதுக்கு முன்னாடி ரிச்மண்டுக்குப் போயி, அவங்க முகத்துக்கு நேரா நின்னு, இது தப்புன்னு சொல்லிட்டு வருவேன்."

"ரெண்டு நிமிஷந்தான் பேச விடுவாங்களாம்."

"ரெண்டு நிமிஷம் போதும். அதுக்கப்பறமும் பதியணும்னா, போயிப் பதிவேன். என் கையாலேயே என் பேரை எழுதிக் குடுப்பேன்." பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கப்பறம் அது யாருக்கும் போகாது. அண்ணன் என்ன நினைப்பானோ."

"அவன் மூணு சட்டையை அந்தச் சுவத்துக்குக் குடுத்தவன், அவனுக்குப் புரியும்" என்றாள் டார்லீன்.

தபால் வண்டி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது. ஹாலிஸ் தாளை மூன்றாக மடித்தார். தன் கையெழுத்தில்லாத ஒப்பந்தத்தையும் கூடவே வைத்து, உறையின் விளிம்பை நாக்கில் நனைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். கோட்டைக்கூட மாட்டாமல் வாசல் பாதையில் இறங்கிப் போய், கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் வைத்து, எடுத்துப்போகக் கடிதம் உண்டு என்று தபால்காரருக்குக் காட்டும் சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார்.